பழைய கார் ஸ்டீரியோவை நாமே பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ போன்ற பழைய கார்களில் செகண்ட் ஹேண்ட் ஸ்டீரியோ பொருத்துவதை நான் பல ஆண்டுகளாக விரும்பிச் செய்து வருகிறேன். செட்டும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்ற நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் உள்ளவை அனைத்தும் 12 வோல்ட் பேட்டரியும் மைனஸ் பாடி எர்த்தும் (பேட்டரியின் மைனஸ் காரின் உலோக உடலோடு இணைந்திருப்பது) உள்ள சாதாரணக் கார்களுக்கானவை. எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு: மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்க்காத செட்டைக் காரில் மாட்டக் கூடாது.

“பழைய செட் வாங்கலாமா, இல்ல அதே காசுக்குப் புது ஆண்ட்ராய்டு செட்டே வாங்கிடலாமா?”

பாட்டும் வானொலியும் மட்டும் போதும் என்றால் பயனியர், சோனி, கென்வுட், ஜேவிசி, ஆல்பைன் போன்ற நிறுவனங்களின் பழைய செட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். அவற்றைத் திறந்து பழுது பார்க்க முடியும் என்பதே முதன்மையான காரணம். உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசியும் மின்தேக்கிகளும் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வரைபடமும் பின்பக்கக் கேமராவும் வேண்டுமென்பவர்கள் புதிய செட்டை வாங்குவதே நல்லது. பழைய செட்டில் அவற்றைச் சேர்க்கப் போய்ச் செலவை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டாம்.

“எந்த செட்டும் என் கார்ல உட்காருமா?”

சிங்கிள் டின் எனப்படும் அளவு 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, டபுள் டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம் கொண்டது. டொயோட்டா கார்களுக்கென்று வந்த சில ஜப்பானிய செட்டுகள் 200 மி.மீ. அகலமானவை என்பதால், பொதுவான சட்டத்துக்குள் அவை நுழையா. வாங்கப் போகும்போது அளவு டேப் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டாஷ்போர்டின் திறப்பை மட்டுமல்லாமல் அதன் ஆழத்தையும் அளந்து செல்லுங்கள். பழைய சிடி செட்டுகள் நீளமானவை. பின்னால் வயர்களை இணைக்கும் கப்ளரும் ஏரியல் பிளக்கும் மடங்க இடம் வேண்டும்.

“கடையில நிக்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்?”

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். செட்டோடு வந்த கப்ளர் வயர் முழுதாக இருக்கிறதா, அல்லது செட்டிலிருந்து ஒரு விரல் நீளத்தில் அறுக்கப்பட்டிருக்கிறதா என்பது அந்த செட் எப்படிக் கழற்றப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். அவசரமாக அறுத்து எடுத்த செட்டுக்குப் பின்னால் திருட்டு இருக்கக்கூடும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் நேர்மையாகத் தொழில் செய்வோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயினும் கடைப் பெயரும் செட்டின் சீரியல் எண்ணும் எழுதிய ரசீது தராதவரிடம் வாங்க வேண்டாம். கார் கம்பெனியே பொருத்திய செட்டாக இருந்து, மின்சாரம் கொடுத்ததும் திரையில் கோடு (code) எனப்படும் ரகசிய எண்ணைக் கேட்டால், அந்த எண் இல்லாமல் அதை வாங்கவே கூடாது.

அடுத்து, ஒலிக்கான குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். 12, 13, 14 என்று ஏறாமல் 12, 11, 15 என்று தாவினால் உள்ளே தொடுமுனைகள் அழுக்கேறியுள்ளன. இது காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் சரியாகிவிடும் குறை என்பதால், விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர செட்டை ஒதுக்க வேண்டியதில்லை. கழற்றி மாட்டும் முன்பக்கப் பலகையில் திரை மின்னி மின்னி அணைந்தால், அதன் பின்னுள்ள பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்தாலே போதுமானதாக இருக்கும். உள்ளே தீய்ந்த வாடை வந்தால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

“50 வாட் இன்டு 4ன்னு போட்டிருக்கு. அப்போ 200 வாட் வருமா?”

வராது. செட்டுக்குக் கிடைப்பது இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் சுமார் 52 வாட் வருகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 50 வாட், அலையின் உச்சத்தை இப்படிக் கணக்கிட்டு வந்த எண். சீரான, பிசிறில்லாத ஒலிக்கு அதில் பாதியான 26 வாட்டுக்கு மேல் இந்த மின்னழுத்தத்தில் கணக்குப்படியே வழியில்லை. ஐசிக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால், ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் கிடைத்தாலே நல்ல செட். ஒரு சிறிய காரின் உள்ளே அது தாராளமான ஒலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“என்னென்ன சாமான் வேணும்?”

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்.எம். ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், வயர் கட்டர், சால்டரிங் அயன், சூடாக்கினால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஒரு 1.5 வோல்ட் பென் டார்ச் செல், ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். டெஸ்ட் லாம்ப் மட்டும் வைத்து வேலை செய்வோர் மின்சாரம் வருகிறதா என்று அறிவார்கள். எவ்வளவு வருகிறது என்பதை அறிய மாட்டார்கள்.

“எத்தனையோ கலர் வயர் தொங்குது. எது எதுக்கு?”

தனியாக விற்கப்படும் செட்டுகளில் நிறங்கள் பெரும்பாலும் ஒரே முறையில் இருக்கும். மஞ்சள் எப்போதும் பேட்டரி மின்சாரம் பெறும் வயர், சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும் வயர், கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்கும், வெள்ளைக் கோடிட்ட நீலம் ஆம்ப்ளிஃபயரை இயக்கவும், ஆரஞ்சு இரவு விளக்குக்கும் உரியவை. வெள்ளை ஜோடி முன் இடது ஸ்பீக்கருக்கும், சாம்பல் ஜோடி முன் வலதுக்கும், பச்சை பின் இடதுக்கும், ஊதா பின் வலதுக்கும் செல்லும். ஒவ்வொரு ஜோடியிலும் கறுப்புக் கோடு உள்ளது மைனஸ்.

காரிலிருந்து வரும் வயர்களுக்கு இந்த நிறங்கள் பொருந்தும் என்று நம்பவே கூடாது. அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம் உண்டு. மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்து, சாவி இல்லாதபோதும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும் வயரை மஞ்சளோடும், சாவியைத் திருப்பும்போது மட்டும் காட்டும் வயரைச் சிவப்போடும் சேருங்கள். ஐஎஸ்ஓ எனப்படும் பொதுத்தரக் கப்ளர் உள்ள கார்களிலும், சில ஃபோக்ஸ்வேகன் கார்களில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும் என்பதால், கப்ளர் பொருந்திவிட்டது என்பதற்காக அளக்காமல் விடாதீர்கள்.

“மேசையில வச்சு எப்படி ஓட்டிப் பார்க்கிறது?”

ஒரு கார் பேட்டரியோ, பழைய கணினியின் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டோ போதும். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, அந்த முனைக்கும் பிளஸுக்கும் நடுவில் நான் மேலே சொன்ன 21 வாட் பல்பைச் சேருங்கள். கறுப்பை மைனஸில் வைத்து, ஒரே ஒரு பழைய ஸ்பீக்கரை அதற்குரிய ஜோடியில் இணையுங்கள். செட் நன்றாக இருந்தால் பல்பு அணைந்தோ மங்கிய செந்நிறமாகவோ இருக்க, திரை ஒளிரும். செட் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். மின்னோட்டம் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது என்பதால் செட்டுக்கு மேலும் சேதம் வராது.

ஒலியைக் குறைவாக வைத்து, நான்கு ஜோடிகளிலும் அந்த ஒரே ஸ்பீக்கரை மாற்றி மாற்றிச் சேர்த்துக் கேளுங்கள். மூன்றில் பாடி ஒன்றில் மட்டும் பாடாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் ஐசியின் ஒரு பகுதி போயிருக்க வாய்ப்பு அதிகம். டிடிஏ 7388 போன்ற நான்கு சேனல் ஐசிகளைக் கைதேர்ந்த மெக்கானிக் மாற்றித் தருவார். மேசையில் அரைமணி நேரம் தடையின்றிப் பாடிய செட் பிறகு காரில் பாடவில்லை என்றால், குற்றம் காரின் வயரில் இருக்கிறது என்று உறுதியாகத் தேடலாம். தேட வேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது என்பதற்காகவே இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

“ஃபியூஸ் போட்டவுடனே போயிடுது. பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கட்டுமா?”

தயவுசெய்து போடாதீர்கள். செட்டின் முதுகில் 10 என்று இருந்தால் 10, 15 என்று இருந்தால் 15. பெரிய ஃபியூஸ் போட்டால் எரிவது ஃபியூஸாக இல்லாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயராக இருக்கும்.

பழைய செட்டுகளில் இதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பல செட்டுகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் பிளஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு காப்பு டயோடு இருக்கும். முன்பு யாரோ பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருந்தால், செட்டைக் காப்பாற்ற அந்த டயோடு தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டிருக்கும். செட்டை எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை பீப் ஒலி நிலையில் வையுங்கள். முனைகளை மாற்றி வைத்தாலும் இருபுறமும் விடாமல் ஒலித்தால் டயோடோ ஐசியோ போயிருக்கிறது. டயோடு சில ரூபாய் விலையுள்ள பொருள். மாற்றியதும் உயிர் பெற்ற செட்டுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். “செத்த செட்” என்று எடைக்குப் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

“பழைய ஸ்பீக்கர் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?”

மீட்டரில் ஓம் நிலையில் அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. பிறகு கூம்பின் இருபுறமும் விரல்களைச் சீராக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். மணல் உரசுவது போன்ற சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் தேய்கிறது. அதைச் சரிசெய்வது வீண்.

கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உளுத்துப்போய், விரல் பட்டதும் மாவாக உதிரும். காரில் வைக்க ரப்பர் விளிம்பே ஏற்றது. வாங்குமுன் கதவுக் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, அதற்கும் கதவின் தகட்டுக்கும் இடையே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். காந்தம் கண்ணாடியில் இடித்தால் எந்த ஸ்பீக்கரும் பயன்படாது.

“டாஷ்போர்டு கழற்றும்போது எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?”

பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் மைனஸைக் கழற்றிப் பத்து நிமிடமாவது காத்திருங்கள்; மஞ்சள் உறை போட்ட வயரையும் மஞ்சள் கப்ளரையும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், மீட்டராலும் அளக்காதீர்கள். கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். அது போனால் ஐப்பசி மழையில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் கால் மிதியடிக்கு வந்துவிடும்.

“வயரை முறுக்கி டேப் சுத்தினா போதாதா?”

போதாது. என் முதல் காரில் நான் அப்படித்தான் செய்தேன். சித்திரை வெயிலில் நின்ற காரில் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி, டேப் சுருண்டு வயரின் மேல் நழுவிக் கீழே இறங்கியிருந்தது. திறந்த செம்பு முனை கதவின் உள் தகட்டில் பட்டுப் பட்டு, அந்த இடத்தில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சேனலும் அதோடு போயிற்று. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், அல்லது சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள் (உலோக உறைக்குள் வைத்து நசுக்கி இணையுங்கள்). கதவுக்குள் போகும் வயரை ரப்பர் குழாய் வழியாகவே கொண்டு செல்லுங்கள்.

“ஸ்பீக்கர் மைனஸை எல்லாம் ஒண்ணா சேர்த்து பாடியில கொடுத்தா வயர் மிச்சமாகுமே?”

மிகப் பழைய கார்களில் அப்படி இணைத்திருப்பார்கள். அன்றைய செட்டுகளுக்கு அது சரி. கடந்த பல பத்தாண்டுகளில் வந்த செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு வயர்களிலும் மின்னழுத்தம் இருக்கும். மைனஸ் என்பது எர்த் அன்று. அதைப் பாடியில் சேர்த்தால் ஐசி போய்விடும். பழைய காரில் அத்தகைய வயர் இருந்தால் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் புதிதாக இழுங்கள். இதே ஐசியின் நலனுக்காகவே, ஒரு சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகச் சேர்க்கவும் வேண்டாம். மின்தடை 2 ஓமாகக் குறைந்து செட் கொதிக்கும்.

“நாலு ஸ்பீக்கரும் பாடுது, ஆனா பேஸே இல்ல. ஏன்?”

ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. செட்டிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் செல்லின் பிளஸைப் பிளஸ் என்று நீங்கள் நினைக்கும் வயரிலும் மைனஸை மற்றதிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே நகர வேண்டும். உள்ளே போனால் மாற்றி இணையுங்கள்.

“ஜப்பான் செட் வாங்கினேன், நம்ம எஃப்எம் ஒண்ணுமே வரல.”

ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அங்கிருந்து வந்த பழைய செட்டுகள் பல 90-உடன் நின்றுவிடும். சென்னையின் சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ரெயின்போ 101.4 எதுவும் அதில் அகப்படாது. ஜப்பானிலிருந்து வந்த கார்கள் நிறைய ஓடும் இலங்கையில் இது பழகிப்போன தொல்லை. ஏரியல் வயரின் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டியைச் சேர்த்துச் சமாளிப்பார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும் என்பதால் திரையில் தெரியும் எண் வேறாக இருக்கும்.

அமெரிக்க செட்டில் வேறொரு சிக்கல். அங்கே நிலையங்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே இருப்பதால் செட்டும் அப்படியே தாவும். 98.3 வரும், 101.4-உம் ஹலோ எஃப்எம்மின் 106.4-உம் வாரா. செட்டை இறக்கிப் பிழைபார்க்கும் முன், அமைப்புகளில் நாடு அல்லது அலைவரிசைத் தாவல் அளவு (டியூனிங் ஸ்டெப்) என்ற தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இவை இரண்டும் இல்லாமலேயே எஃப்எம் இரைந்தால், ஏரியல் பிளக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்றும், காரில் மின்சாரம் தேவைப்படும் ஏரியல் இருந்தால் நீல வயர் அதற்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

“ரெண்டு நாள் வண்டி எடுக்கலன்னா பேட்டரி டவுன். செட்தான் காரணமா?”

மஞ்சளையும் சிவப்பையும் மேசையில் சேர்த்தது போலவே காரிலும் சேர்த்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் சாவியை எடுத்தாலும் செட் விழித்தே இருக்கும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது முக்கால் ஆம்பியர் குடித்தால் 47 மணி நேரத்தில் பேட்டரி காலி; உங்கள் இரண்டு நாள் கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது. (சாவியை எடுத்ததும் நினைவில் வைத்த நிலையங்கள் அழிந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன, அது வேறு குறை.)

வயர் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால், எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளை மூடி, மைனஸ் முனையைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது. சில நிமிடங்கள் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் செட்டின் ஃபியூஸை உருவிப் பாருங்கள். எண் இறங்காவிட்டால் செட் குற்றமற்றது.

“பேஸ் டியூபுக்கு ஆம்ப் வாங்கினேன். வீட்டு வயரிங் 2.5 வயரே போடலாமா?”

பேஸ் டியூப் எனப்படும் குழாய் வடிவத் தாழ்ஒலி ஸ்பீக்கரை இயக்கும் தனி ஆம்ப்ளிஃபயர்தான் இந்த ஆம்ப். கணக்கிட்டுப் பார்ப்போம். உண்மையில் 300 வாட் தரும் பழைய ரக ஆம்ப் வெப்பமாக இழப்பதையும் சேர்த்து ஏறத்தாழ 500 வாட் எடுக்கும், அது 13.8 வோல்ட்டில் 36 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரை ஐந்து மீட்டர் இழுத்தால், வயரிலேயே 1.2 வோல்ட் போய்விடுகிறது, வயரும் சுடுகிறது. 10 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.3 வோல்ட்தான். வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.-க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஆம்ப்பைக் காக்கிறது, இது பேட்டரியிலிருந்து வரும் வயரைக் காக்கிறது. எர்த்தை அதே தடிமனுள்ள வயரால், பெயிண்ட்டைத் தகடு பளபளக்கும்வரை சுரண்டிய இடத்தில் கொடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

“ஆக்சிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல ‘உய்ய்ய்’னு சத்தம் ஏறுது. எல்லாம் மாத்திப் பார்த்துட்டேன்.”

இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் எர்த் வழியாக ஒலிக்குள் நுழைகிறது. ஆம்ப் ஓடும்போது, செட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ வயரைச் செருகவோ பிடுங்கவோ கூடாது என்பதால், அணைத்துவிட்டு ஆம்ப்பிலிருந்து அதைக் கழற்றி மறுபடி இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஆம்ப்பின் எர்த்தை முந்தைய பதிலில் சொன்னபடி மீண்டும் செய்யுங்கள். நின்றுவிட்டால் பிழை ஆர்சிஏ வயரிலோ செட்டிலோ இருக்கிறது; ஆர்சிஏ வயரை மெயின் வயர் போகும் பக்கத்தில் கொண்டுவராமல் எதிர்ப்பக்கமாக இழுத்துப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் செகண்ட் ஹேண்ட் செட்டுகளுக்கே உரிய ஒரு நோயைச் சோதியுங்கள். சில செட்டுகளில் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையம் மிக மெல்லிய ஃபியூஸ் ஒன்றின் வழியாக எர்த்தைச் சேர்கிறது. முந்தைய சொந்தக்காரர் ஆம்ப் ஓடும்போதே வயரைச் செருகியிருந்தால் அது எரிந்திருக்கும். ஒரு சிறு வயரின் ஒரு முனையைச் சாக்கெட்டின் வெளி வளையத்திலும் மறுமுனையைச் செட்டின் உலோக உடலிலும் அழுத்திப் பிடியுங்கள். இரைச்சல் அந்தக் கணமே அடங்கினால் நோய் அதுவேதான்; செட்டைத் திறந்து அந்த ஃபியூஸை மாற்றலாம், அல்லது வெளியிலேயே அந்த வயரை நிலையாகப் பொருத்திவிடலாம்.

“பேட்டரி கழற்றி மாட்டினேன், என் கார் கம்பெனி செட்டே இப்போ கோடு கேக்குது!”

ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன் போன்ற நிறுவனங்களின் கார்களில் இது திருட்டுக்கு எதிரான காப்பு, செட் கெட்டுப்போகவில்லை. கோடு எழுதிய அட்டை பெரும்பாலும் காரின் கையேட்டு உறைக்குள்ளோ கிளவ் பாக்ஸிலோ இருக்கும். இல்லாவிட்டால் ஆர்சி புத்தகமும் செட்டின் சீரியல் எண்ணும் எடுத்துக்கொண்டு அந்நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள். ஊகித்து எண்களை அழுத்த வேண்டாம். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு செட் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டால், பேட்டரியை மறுபடி கழற்றாமல், செட்டை இயக்கத்திலேயே ஒரு மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு சரியான எண்ணை அழுத்துங்கள்.